குரூப் 4-க்கு முதல் தடவை படிக்கிறீர்களா? புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4 தேர்வை நான் மூன்று தடவை எழுதினேன். 2019 செப்டம்பரில் 200 கேள்விக்கு 121 சரி. 2022 ஜூலையில் 138. 2024 ஜூனில் 172. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாவது தடவைதான் வேலையை விட்டுவிட்டு, நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது தடவை ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே, நாளைக்கு மூன்று மணி நேரம்கூடச் சேராமல் படித்தேன். மாறியது நேரமில்லை, படித்த விதம்.

இப்போது என் சித்தி மகன் தயாராகிறான். அவனுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேறு தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் 3 முதல் 6 வரை அப்படியே பொருந்தும்.

1. புத்தகம் வாங்கும் முன் ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பாருங்கள்

"ஒண்ணுமே படிக்காம எப்படி எழுதுறது?" என்று சித்தி மகன் கேட்டான். எழுதத்தான் வேண்டும். டிஎன்பிஎஸ்சி இணையதளத்திலேயே பழைய வினாத்தாள்களும் விடைக் குறிப்புகளும் இருக்கின்றன. ஒன்றைத் தரவிறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9.30-இலிருந்து 12.30 வரை, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். மார்க் எவ்வளவு வந்தாலும் கவலை வேண்டாம்.

திருத்திய பிறகுதான் முக்கியமான வேலை. தப்பான கேள்வி ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: "தெரியாது", "படித்தேன், குழம்பிவிட்டது", "கேள்வியைத் தப்பாக வாசித்தேன்". 2022 வினாத்தாளை வைத்து நான் இதைச் செய்தபோது, தப்பான 62 கேள்வியில் காதிலேயே விழாத சங்கதி 24. படித்தும் குழம்பியது 29. "பொருந்தாதது எது" என்று கேட்டதற்குப் பொருந்துவதைக் குறித்துவிட்டு வந்தது 9. அதாவது நான் தோற்றது பெரும்பாலும் படிக்காததால் இல்லை. படித்தது தேர்வு அறையில் கைக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் என் படிப்பில் கோளாறு எங்கே என்று புரிந்தது.

2. பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்

தேர்வு முறை இதுதான்: 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பகுதி அ தமிழ் 100 கேள்வி. பகுதி ஆ-வில் பொது அறிவு 75, கணக்கு சார்ந்த திறனறிவு 25. தமிழில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால் பகுதி ஆ-வைத் திருத்தவே மாட்டார்கள்.

2025 தேர்வுக்கான பாடத்திட்டத்தில் ஒவ்வொரு அலகுக்கும் எத்தனை கேள்வி என்றே போட்டிருக்கிறார்கள். தமிழில் இலக்கணம் மட்டும் 25. பொது அறிவில் தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. பொருளாதாரமும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் 20. ஆட்சியியல், அதாவது அரசியலமைப்பு, 15. பொது அறிவியல் 5, புவியியல் 5. இதைப் பார்க்காமல் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். நானும் 2022-இல் அறிவியலுக்கு மட்டும் இரண்டு மாதம் கொட்டினேன். பிடித்த பாடம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே கிடையாது. உங்கள் தேர்வுக்கான அறிவிக்கை வந்ததும் அதில் உள்ள பாடத்திட்டத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத் தாளில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே, அது பள்ளிப் பாடநூலில் எந்த வகுப்பு, எந்தப் புத்தகம், எத்தனையாவது பாடம் என்று பென்சிலால் எழுதுங்கள். அரை நாள் வேலை. அடுத்த ஆறு மாதம் "இன்னைக்கு என்ன படிக்கலாம்" என்று யோசித்து வீணாகும் காலை நேரமெல்லாம் இதனால் மிஞ்சும்.

3. இரண்டு பக்கம் படித்ததும் மூடிவிட்டு எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 2022-இல் படித்த ஆட்சியியல் புத்தகம் இன்னும் இருக்கிறது. அடிப்படை உரிமைகள் பாடம் முழுக்க மஞ்சள். மேலே பச்சை. சில இடத்தில் அதற்கும் மேலே சிவப்புப் பேனா. மூன்று தடவை படித்ததற்கு அடையாளமாம். 2023-இல் ஒருநாள் அந்தப் பாடத்தில் இரண்டு பக்கத்தை மறுபடி வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வெறும் தாளில் நினைவிருப்பதை எழுதிப் பார்த்தேன். ஆறு உரிமையில் நாலு வந்தது. சமத்துவ உரிமைக்கு அரசியலமைப்பின் பிரிவு 14 முதல் 18 வரை என்பது வந்தது. சுரண்டலுக்கு எதிரான உரிமை என்று ஒன்று இருப்பதே தாளில் வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் 23, 24 என்று அந்த வரி மஞ்சளில் பளிச்சென்று சிரிக்கிறது. கண்ணுக்குப் பழகியதை மனம் தெரிந்தது என்று கணக்கு எழுதிக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு அல்லது மூன்று பக்கம், கோடு போடாமல், பத்துப் பன்னிரண்டு நிமிடம் வாசியுங்கள். மூடுங்கள். ரஃப் தாளில் நினைவிருப்பதையெல்லாம் எழுதுங்கள். அழகு வேண்டாம், வாக்கியம் வேண்டாம், உங்களுக்குப் புரிந்தால் போதும். எதுவும் வரவில்லை என்று தோன்றும் அந்த ஓரிரு நிமிடத்தில் சட்டென்று புத்தகத்தைத் திறந்துவிடாதீர்கள். அந்தத் திணறலில்தான் படிப்பே ஏறுகிறது. பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேருங்கள். அந்தச் சிவப்பு மட்டும்தான் நீங்கள் திரும்பப் படிக்க வேண்டியது.

முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். முன்பு ஒரு மணி நேரத்தில் இருபது பக்கம் தள்ளியவருக்கு இப்போது ஏழெட்டுப் பக்கம்தான் நகரும். "இந்த வேகத்தில் போனால் எப்ப முடிக்கிறது" என்று பயம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் இருபது பக்கம் படித்து மறுநாள் மறந்ததை மறுபடி இருபது பக்கம் படித்த கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

சமச்சீர் புத்தகத்தில் பாடத்துக்கு நடுவே கட்டம் போட்டு வரும் "தெரிந்து தெளிவோம்", "உங்களுக்குத் தெரியுமா" பகுதிகளையும், பாடம் முடிந்து வரும் பயிற்சிக் கேள்விகளையும் தாண்டிப் போகாதீர்கள். கேள்வி எடுப்பவர்களுக்கு அந்தக் கட்டங்கள் மேல் தனிப் பிரியம்.

4. கல்யாணப் பத்திரிகையில் ஒரு நினைவுப் பெட்டி

சிவப்புப் பேனாவில் எழுதியதையெல்லாம் என்ன செய்வது? கேள்வி அட்டையாக மாற்றுங்கள். இதற்காகக் கடையில் அட்டை வாங்க வேண்டாம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டினால் போதும். அச்சில்லாத பக்கத்தில் மேலே கேள்வி, கீழே விடை. விடைப் பகுதியை மடித்துவிடுங்கள். ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி. "அடிப்படை உரிமைகள் பற்றி எழுதுக" என்று எழுதினால் அது அட்டை இல்லை, பாடம். "சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து நீக்கிய திருத்தம், ஆண்டு?" என்று எழுதினால் அது அட்டை.

நாலு டப்பா வையுங்கள். என்னுடையது இனிப்புக் கடை அட்டைப் பெட்டிகள். முதல் டப்பாவைத் தினமும் எடுக்க வேண்டும். இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை. மூன்றாவதை வாரம் ஒருமுறை. நாலாவதை மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பானால், அது நாலாவது டப்பாவில் இருந்தாலும் சரி, திரும்பவும் முதல் டப்பா. இதில் இரக்கம் காட்டக் கூடாது. "கிட்டத்தட்ட சரிதானே" என்று எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்ட அட்டைகள்தான் பிறகு மாதிரித் தேர்வில் காலை வாரின.

இதற்கு மருந்து, அட்டையை வேறொருவர் கையில் கொடுப்பது. எங்கள் அம்மா எட்டாவது வரை படித்தவர். ராத்திரி ஊறப்போட்ட அரிசி கிரைண்டரில் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அட்டையைப் பிரித்துக் கேட்பார்.

"முகப்புரையில சோசலிச, மதச்சார்பற்ற சேர்த்தது எந்தத் திருத்தம்?"

"44, 1978."

"42, 1976-ன்னுல்ல எழுதியிருக்கே. போடு முதல் டப்பாவுல."

இந்த இரண்டையும் நான் மாற்றிச் சொல்லாத வாரமே கிடையாது. கடைசியில் ஒரே அட்டையில் இரண்டையும் எதிரெதிரே எழுதினேன்: 42 முகப்புரையில் வார்த்தை சேர்த்தது, 44 சொத்துரிமையை எடுத்தது. அதன் பிறகு குழம்பவில்லை. உங்களுக்கும் இப்படி இரட்டைப் பிறவிகள் வரும். 73 ஊராட்சி, 74 நகராட்சி மாதிரி. இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைப் படியுங்கள்.

செல்போனில் இதே வேலையைச் செய்யும் ஆன்கி போன்ற செயலிகள் இருக்கின்றன. எது எப்போது வர வேண்டும் என்று அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும். எனக்குச் செல்போனைத் தொட்டால் அரை மணி நேரம் வேறெங்கோ போய்விடும். அதனால் அட்டை. உங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தால் செயலியே வசதி.

எச்சரிக்கை ஒன்று: ஒரு நாளைக்கு 15, 20 புது அட்டைக்கு மேல் எழுத வேண்டாம். ஆரம்ப உற்சாகத்தில் ஒரே நாளில் 90 எழுதினேன். அடுத்த வாரம் தினமும் பார்க்க வேண்டியது குன்றுபோல் குவிந்து, நாலு நாள் டப்பா பக்கமே போகவில்லை.

5. இலக்கணத்தைக் கலந்துகட்டிப் படியுங்கள்

பயிற்சி நூல்களில் "வினைத்தொகை" என்று தலைப்புப் போட்டு, கீழே பத்து உதாரணம் கொடுத்திருப்பார்கள். ஊறுகாய், சுடுசோறு, குடிநீர்... எல்லாம் வினைத்தொகை. தலைப்பிலேயே விடை இருக்கும்போது யாருக்குத்தான் தப்பாகும்? தேர்வில் தலைப்பு வராது. நாலு விடையும் நாலு தொகையாக இருக்கும்.

நான் செய்தது: தொகைநிலைத் தொடர் ஆறுக்கும் உதாரணங்களைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரும் காரணமும் சொல்வது. காரணம் சொல்வது முக்கியம். குடிநீர் வந்தால், குடித்த நீர், குடிக்கின்ற நீர், குடிக்கும் நீர் என்று மூன்று காலத்துக்கும் விரிகிறது, ஆகவே வினைத்தொகை. இளநீர் வந்தால், இளமை என்ற பண்பு மறைந்திருக்கிறது, ஆகவே பண்புத்தொகை. கண்ணீர் வந்தால், கண்ணினது நீர், வேற்றுமைத்தொகை. மூன்றும் நீர்தான். மூன்றும் ஒன்றில்லை. சுடுசோறு வினைத்தொகை என்றால் சுட்ட சோறு என்ன? காலம் வெளியே தெரிந்துவிட்டது, பெயரெச்சம். இந்தக் கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்காமல் விட்டால் தேர்வு அறையில் கேட்பார்கள்.

கலந்து படிக்கும்போது தப்பு அதிகமாக வரும். பயிற்சியில் மார்க் குறையும். அதைப் பார்த்துப் பழைய முறைக்கு ஓடிவிடாதீர்கள்.

6. கணக்கில் சூத்திரத்துக்கு முன் காரணம்

திறனறிவு 25 கேள்விக்கு 37.5 மதிப்பெண். பத்தாம் வகுப்புத் தரம்தான். பயந்து ஒதுக்குபவர்கள் இங்கேதான் வேலையைக் கோட்டை விடுகிறார்கள்.

ஒரே உதாரணம். 5,000 ரூபாய்க்கு 8 சதவீத வட்டியில் 2 ஆண்டுக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் என்ன? ஒரு சூத்திரம் உண்டு, மனப்பாடம் செய்தால் வந்துவிடும். மறந்தால்? இப்படி யோசியுங்கள். முதல் ஆண்டு வட்டி இரண்டிலும் 400. இரண்டாம் ஆண்டில் கூட்டுவட்டிக்காரர் அந்த 400-க்கும் வட்டி கேட்பார். 400-க்கு 8 சதவீதம் 32. வித்தியாசம் 32 ரூபாய். தனிவட்டி 800, கூட்டுவட்டி 832. ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர் யாரும் சூத்திரம் போடுவதில்லை. இப்படித்தான் போடுகிறார்.

தினமும் பத்துக் கணக்கு, மறுநாளும் பத்துக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எழுபது போடுவதைவிட இது எவ்வளவோ மேல். தப்பான கணக்கைத் தனி நோட்டில் விடையில்லாமல் எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். விடையைப் பார்த்ததும் "ஓ, இவ்வளவுதானா" என்று தோன்றும் கணக்குகளே அடுத்த வாரமும் தப்பாகும்.

7. நேரம்: அறிவிக்கைக்குக் காத்திருக்காதீர்கள்

2025-இல் அறிவிக்கை வந்தது ஏப்ரல் 25. தேர்வு ஜூலை 12. நடுவில் 78 நாள். புதிதாகத் தொடங்குபவருக்கு, அதுவும் வேலைக்குப் போகிறவருக்கு, இது போதாது. ஆண்டுத் தேர்வுத் திட்டம் டிஎன்பிஎஸ்சி தளத்தில் முன்பே வந்துவிடும். அதைப் பார்த்து எட்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பியுங்கள். முதல் ஐந்து மாதம் பாடம், அடுத்த இரண்டு மாதம் பாடமும் மாதிரித் தேர்வும், கடைசி மாதம் அட்டையும் மாதிரித் தேர்வும் மட்டும்.

கடையில் எனக்கு வேலை காலை 9.30 முதல் இரவு 9 வரை. நான் படித்தது காலை 4.45 முதல் 6.45 வரை. நடுவில் ஒரு டீ. பேருந்தில் போகவர நாற்பது நிமிடம் அட்டை. இரவு அம்மாவோடு கால் மணி நேரம். அவ்வளவே. இரவு 10.30-க்கு மேல் விழித்திருக்கவில்லை. 2022-இல் இரவு ஒரு மணி வரை படித்தபோது மறுநாள் மதியம் எதைப் படித்தேன் என்பதே நினைவில் நிற்காது. தூக்கத்தைத் திருடிப் படிப்பது கந்துவட்டிக்கு வாங்குவது மாதிரி.

உட்காரும் இரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். 25 நிமிடம் படித்து 5 நிமிடம் எழுந்து நடப்பது எனக்கு ஒத்துவந்தது. அந்த 5 நிமிடத்தில் செல்போனை எடுத்தால் அது 5 நிமிடமாக இருக்காது.

"பதினாறு மணி நேரம் படித்து வென்றேன்" என்ற அட்டவணைகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். மூன்றாம் நாள் உடைந்துவிடும். உடைந்த பிறகு வரும் குற்ற உணர்ச்சியில் ஒரு வாரம் போய்விடும்.

8. செலவு: எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

2019-இல் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 12,000 ரூபாய் கட்டினேன். எண்பது பேர் இருந்த வகுப்பில் வாத்தியார் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததே படித்ததாகி, வீட்டில் நோட்டைத் திறக்கவே இல்லை. பயிற்சி மையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கட்டியதாலேயே படித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே தன்னார்வ பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். மூன்றாவது தடவை வாரவிடுப்பு நாளில் நான் போனது அங்கேதான். படிக்க இடமில்லை என்றால் மாவட்ட மைய நூலகம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைப் பக்கம் கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

சமச்சீர் புத்தகங்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் இலவசம். ஆனால் செல்போன் திரையில் படித்து மூடி எழுதுவது கஷ்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் போன வருடப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஆறு முதல் பத்து வரை அப்படித்தான் கிடைத்தது. அச்சு ஆண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாடத்திட்டப் புத்தகமாக இருந்தால் வேண்டாம்.

மூன்றாவது தடவை எனக்கு ஆன மொத்தச் செலவு: ஜெராக்ஸ், நோட்டு, ரஃப் தாள் 900 ரூபாய். மாதிரித் தேர்வுத் தொகுப்பு 1,200. ஓஎம்ஆர் தாள் (வட்டத்தைக் கறுப்பாக்கி விடை குறிக்கும் தாள்) அச்சு 80. அதற்கு மேல் எதுவுமில்லை.

டெலிகிராம் குழுக்களில் சேர்ந்து பிடிஎஃப் சேகரிப்பதும் ஒரு செலவுதான். காசு போகாது, நாள் போகும். என் போனில் நானூறு கோப்பு இருந்தது. திறந்தது பதினொன்று.

9. சான்றிதழ்களைப் படிப்போடு சேர்த்தே தயார் செய்யுங்கள்

படிப்பில் ஜெயித்துவிட்டு இங்கே தோற்றவர்களை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டிஎன்பிஎஸ்சி தளத்தில் ஒருமுறைப் பதிவு. கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். அது விண்ணப்பம் ஆகாது. குரூப் 4-க்குத் தனியாக விண்ணப்பித்துத் தேர்வுக் கட்டணம் 100 ரூபாய் கட்ட வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் பதிவு செய்பவர்கள் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுவது சகஜம். பிறகு கடவுச்சொல் மறந்தால் அவர் பின்னாலேயே அலைய வேண்டியதுதான். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிடுங்கள்.

கட்டணச் சலுகை சில பிரிவினருக்கு முழுமையாக உண்டு. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று தடவை மட்டும் இலவசம். எத்தனை தடவை பயன்படுத்தினோம் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நினைவில்லாமல் நாலாவது தடவையும் கேட்டு விண்ணப்பத்தைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். கல்யாணமான பெண்கள் கணவர் பெயரில் வாங்கியதைக் கொடுத்தால் செல்லாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாகப் போய்த்தான் வரும். இரண்டு வாரமாவது கையில் வையுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்று, ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை படித்த ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும், டிஎன்பிஎஸ்சி தரும் படிவத்தின் வாசகத்திலேயே. நான் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு ஊர், அதற்கு மேல் வேறு ஊர். முதல் பள்ளிக்கு மே மாதத்தில் போய் நின்றேன். விடுமுறை. தலைமை ஆசிரியர் வெளியூரில். பள்ளி திறந்து, பழைய பதிவேட்டைத் தேடி, கையெழுத்தாகி வர ஜூன் பாதியாகிவிட்டது. நீங்கள் ஜனவரியிலேயே போய் வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கக் கடைசி மூன்று நாள் வரை இழுக்காதீர்கள். அந்த நாட்களில் தளம் ஊர்ந்துதான் நகரும்.

10. மாதிரித் தேர்வை ஓஎம்ஆரில் எழுதுங்கள்

மூன்று மணி நேரத்தை 200-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதில் வட்டம் கறுப்பாக்கும் நேரமும் அடக்கம். 200 வட்டம் நிரப்ப எனக்கு 22 நிமிடம் ஆகிறது என்பதை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த 22 நிமிடத்தைக் கழித்துவிட்டுத்தான் உங்கள் நேரத்தைத் திட்டமிட வேண்டும். புத்தகத்தில் டிக் அடித்துப் பழகுபவர்களுக்கு இது தெரியாது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஏ (A) முதல் இ (E) வரை ஐந்து வட்டம். இ என்பது "விடை தெரியவில்லை". எதையுமே நிரப்பாமல் கேள்வியை விட்டால் மதிப்பெண் கழிப்பார்கள். தப்பான விடைக்குக் கழிப்பதில்லை. ஆகவே இரண்டு விடையைத் தள்ளிவிட முடிகிற கேள்வியில் இ-யைத் தொடாமல் மீதி இரண்டில் ஒன்றைக் குறியுங்கள். எத்தனை ஏ, எத்தனை பி என்று கடைசியில் எண்ணி எழுதும் இடமும் உண்டு. 2022-இல் மணி அடிக்கும்போது நான் அதைத்தான் வியர்க்க வியர்க்க எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே எண்ணிப் பழகுங்கள். அந்தந்தத் தேர்வு அறிவிக்கையில் ஓஎம்ஆர் விதிமுறை இரண்டு மூன்று பக்கம் வரும், அதையும் ஒரு பாடமாக நினைத்து அட்டை எழுதுங்கள்.

வாரம் ஒரு முழுத் தேர்வு போதும். தேர்வு மூன்று மணி நேரம் என்றால் தப்பானதை அலச இன்னொரு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரு தேர்வு எழுதி மார்க் மட்டும் பார்ப்பவர்கள் அதே தப்பைத் தினமும் செய்து பழகிக்கொள்கிறார்கள்.

11. கடைசி வாரமும் தேர்வு நாளும்

புதிதாக எதையும் தொடாதீர்கள். நடப்பு நிகழ்வு உள்பட. நாலாவது டப்பாவில் இருப்பதை முழுதாக ஒருமுறை ஓட்டுங்கள், முதல் டப்பாவில் இன்னும் அடம் பிடிக்கும் அட்டைகளைத் தனியாகக் கட்டி வையுங்கள். எனக்கு அப்படி 37 இருந்தது. தேர்வு அன்று காலை பேருந்தில் பார்த்தது அவற்றை மட்டும்தான்.

தேர்வு மையத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளி இருக்கும் ஊர்கள் உண்டு. 9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், கெஞ்சினாலும். நுழைவுச்சீட்டு, ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, கறுப்பு மை பந்துமுனைப் பேனா இரண்டு. பேனா புதிதாக வேண்டாம். மாதிரித் தேர்வில் வட்டம் நிரப்பிப் பழகிய அதே பேனாவை எடுத்துப் போங்கள்.